காட்டோரத்தில் மரக்கொட்டில் அமைத்தல்

வன்னியிலும் கிழக்கு மாகாணத்திலும் காட்டை அடுத்த நிலங்களில் பயிர்செய்யும் கமக்காரருக்குக் கொட்டில் ஒன்று இன்றியமையாதது. இரவுக் காவல், நீர்ப்பாய்ச்சல், அறுவடை ஆகிய வேலைகளுக்காகக் காலபோகத்தில் பல வாரங்கள் நிலத்திலேயே தங்க நேரிடுகின்றது. வெளியூரிலிருந்து காடு காணவருவோர் தங்குவதற்கென இத்தகைய கொட்டில்களை அமைத்துச் சிறிது வருமானம் தேடுவோரும் இக்காலத்தில் உளர்.

எனினும், பெரும்பாலான கொட்டில்கள் அவசரத்தில் எழுப்பப்படுகின்றன. பச்சைத் தடிகளை வெட்டிக் குழியில் நாட்டிக் கிடுகினால் மூடுவதே வழக்கம். இரண்டாம் மாரியில் கப்புகளின் அடி உக்குகின்றது. மூன்றாம் ஆண்டில் கொட்டில் சாய்கின்றது. மீண்டும் கோடரி காட்டினுட் செல்கின்றது. ஆறு கப்புகளுள்ள கொட்டிலை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டுபவர் பதினைந்து ஆண்டுகளில் முப்பது கப்புகளை வெட்டுகின்றார். முறையாகக் கட்டுபவருக்கு அந்த ஆறே போதுமானவை.

மரத்தை அழிப்பது எது?

மரம் வயதினால் அழிவதில்லை, ஈரத்தினாலேயே அழிகின்றது. மரத்தை உக்கச் செய்யும் பங்கசு ஈரமின்றி வளர்வதில்லை. நிலக்கறையானும் மண்ணின் ஈரத்தை விட்டு நெடுந்தூரம் செல்வதில்லை. கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்க தேவாலயத்தின் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத்தூண்கள் கல்லின்மேல், கூரையின்கீழ் நின்று நூற்றாண்டுகளைக் கடந்துள்ளன. தம்பிட்ட விகாரைகளைக் கட்டிய தச்சரும் மரத் தளத்தைக் கற்றூண்களின்மேல் உயர்த்தியே அமைத்தனர். மண்ணிலிருந்து மரத்தைப் பிரித்தலும் மழையிலிருந்து அதனை மறைத்தலும் அவர்கள் கைக்கொண்ட முறையாகும். கமக்காரரின் சிறு கொட்டிலுக்கும் இதுவே விதி.

மரத்தைத் தெரிதல்

பாலை, முதிரை, கருங்காலி ஆகியன உறுதி மிக்கவை. ஆயினும் இவை மிக மெதுவாக வளர்வன. ஒரு பாலையை வீழ்த்தினால் அதன் பழமும் நிழலும் ஒரு தலைமுறைக்கு இல்லாமற்போகும். ஒதுக்கப்பட்ட காட்டில் மரம் வெட்டுதல் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். சொந்த நிலத்திலாயினும் பலா போன்ற மரங்களை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் (கட்டுப்பாடு) சட்டத்தின்படி அனுமதி வேண்டும். ஆகையால், கோடரியை எடுக்குமுன் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்க.

மூப்படைந்த பனை, வேலியோரத்து வேம்பு, முதிர்ந்த கிளிசரிடியா, தோட்டத் தேக்கு ஆகியன கொட்டிலுக்கு ஏற்றவை. பனையில் வெளிப்புறக் கருவைரமே பயன்படும். நடுவிலுள்ள மென்பகுதியை முற்றாக நீக்குதல் வேண்டும். ஏனைய மரங்களிலும் வைரம் பாய்ந்த பகுதியையே கப்புக்குக் கொள்க. வெளிறிய புறப்பகுதியில் மாப்பொருள் மிகுந்திருப்பதால் உளு அதனை விரைவிற் துளைக்கும்.

பதப்படுத்தலும் உலர்த்தலும்

சிலாகைகளையும் மெல்லிய தடிகளையும் பச்சையாக இருக்கும்போதே பட்டை நீக்கி, வெங்காரக் கரைசலில் ஒரு வாரமேனும் ஊறவிடுதல் நன்று. 100 இலீற்றர் நீருக்கு 3 கிலோகிராம் வெங்காரமும் 2 கிலோகிராம் போரிக்கமிலமும் போதும். கையுறை அணிதல் வேண்டும். பிள்ளைகளையும் கால்நடைகளையும் அணுகவிடலாகாது. மிஞ்சிய கரைசலைப் பாத்திகளிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. போரன் மிகுந்தால் பயிர் கருகும். இம்மருந்து மழையில் கழுவப்படுமாதலால், கூரையின்கீழ் அமையும் மரத்துக்கே பயன்படும். கழிவு எஞ்சின் எண்ணெயைப் பூசுவது மண்ணைக் கெடுக்கும். மரக்கறித் தோட்டத்துக்கு அருகில் அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

பின்னர் மரங்களை நிழலில், நிலத்தினின்றும் ஓரடி உயர்த்தி, வரிசைகளுக்கிடையே சிறு சட்டங்களை வைத்து, காற்றோடுமாறு அடுக்குக. ஓர் அங்குலக் கனமுள்ள பலகைக்கு மூன்று மாதங்களேனும் வேண்டும். கப்புகளுக்கு அதனினும் அதிக காலம் செல்லும். வெட்டுமுனைகளில் மை பூசினால் வெடிப்புக் குறையும். பச்சை மரத்திற் பொருத்திய மூட்டு, மரம் சுருங்கியதும் தளர்ந்துவிடும்.

இடமும் அத்திவாரமும்

குளத்து அலைகரையிலும் யானைத் தடத்திலும் பட்டமரத்தின்கீழும் கொட்டில் அமைத்தலாகாது. நெல்லையும் உப்பையும் கொட்டிலில் இரவில் வைத்தலும் ஆகாது. அவற்றின் மணத்தை நாடிவரும் யானை சுவரை உடைத்து உள்ளே வரும்.

பத்தடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமுமுள்ள கொட்டிலுக்கு நீளப் பக்கமொன்றில் மும்மூன்றாக ஆறு கப்புகள் போதும். மூலை மட்டம் பார்ப்பதற்கு ஒரு கோட்டில் ஆறடியும் மறு கோட்டில் எட்டடியும் அளந்து குறியிடுக. குறிகளுக்கிடையே பத்தடி சரியாக இருப்பின் மூலை நேரானது. கப்பு நிற்கும் இடங்களில் நிலத்துக்குமேல் ஒன்றரை அடி உயரமான கல் அல்லது கொங்கிறீற்றுத் தூண் அமைத்து, அதில் பதித்த இரும்புப் பட்டியுடன் கப்பைப் பிணைத்தல் வேண்டும். தூணுக்கும் கப்புக்கும் இடையே, நாற்புறமும் இரண்டு அங்குலம் வெளியே நீண்டு கீழ்நோக்கி வளைந்த தகரத்தை வைக்குக. கறையான் அதனைச் சுற்றி மண்கூடு கட்டியே ஏறவேண்டியிருக்கும். கூடு கண்ணிற் பட்டவுடன் அழித்துவிடலாம்.

சட்டகமும் கூரையும்

கப்பின் தலையிற் கழுந்து செதுக்கி, வளையிற் துளையிட்டுப் பொருத்தி, உலர்ந்த மரஆணியால் இறுக்குக. வாள், உளி, வாய்ச்சி, துறப்பணம் ஆகிய கைக்கருவிகளே இதற்குப் போதுமானவை. ஒவ்வொரு பக்கத்திலும் கப்புக்கும் வளைக்கும் இடையே சாய்வுத் தாங்கி பொருத்தாவிடின் சட்டகம் காற்றில் மடியும். 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும், 2020 டிசம்பர் 2ஆந் திகதி திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த புரெவிப் புயலும் கீழ்மாகாண, வடமாகாண மக்களுக்குத் தெரிந்தவை. காற்று கூரையைக் கீழே அழுத்துவது மட்டுமன்றி, மேலே தூக்கவும் செய்யும். ஆகையால் கைமரத்தை வளையுடனும், வளையைக் கப்புடனும் கம்பியாற் பிணைத்தல் அவசியம்.

ஓலைக் கூரை சரிவாக இருந்தாலே நீர் விரைந்தோடும். பத்தடி அகலக் கொட்டிலில் முகடு வளையினும் ஐந்தடி உயர்ந்திருத்தல் வேண்டும். தாழ்வாரம் மூன்றடி வெளியே நீண்டிருப்பின் சாரல் கப்பை நனைக்காது. கிடுகை ஓரிரு ஆண்டுகளில் மாற்றவேண்டும். ஓலையின் செலவைப் பாராது மாற்றுபவர் மரத்தைக் காத்துக்கொள்கின்றார்.

பராமரிப்பும் மீள்நடுகையும்

மாரிக்கு முன் புரட்டாதியில் ஒருமுறையும், மாரி கழிந்தபின் ஒருமுறையும் கப்புகளின் அடியை உளியின் முனையாற் குத்திப் பார்க்குக. உளி எளிதாக இறங்குமாயின் அப்பகுதி உக்கத் தொடங்கியுள்ளது. அம்மரத்தை மாத்திரம் மாற்றினாற் போதும்.

வெட்டியதை மீள நடுதலும் இவ்வேலையின் ஒரு பகுதியே. முதல் மழையுடன் வேலியில் கிளிசரிடியாத் தடிகளையும், எல்லையில் வேப்பங் கன்றுகளையும், ஒதுக்கிடத்தில் பனங்கொட்டைகளையும் நடுக. கிளிசரிடியாத் தழை சில மாதங்களிலேயே வயலுக்குப் பசளையாகும். வேம்பு பிள்ளைகளின் காலத்தில் கப்பாகும். பனை பேரப்பிள்ளைகளுக்கு வளையாகும். தன் வேலியிலேயே மரமுள்ள கமக்காரர் காட்டினுட் கோடரியுடன் செல்லவேண்டியதில்லை.