அறுபதுக்குப் பிறகு புக்கெட் கடலில்

பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்து, பணி ஓய்வும் பெற்ற கையோடு பாஸ்போர்ட் எடுக்கும் தம்பதிகள் இப்போது பெருகிவிட்டார்கள். தாய்லாந்தின் புக்கெட், கிராபி என்று போய் ஸ்நார்க்கெலிங், ஸ்கூபா டைவிங் வரை ஒரு கை பார்த்துவிடுகிறார்கள். வயது இதற்கு ஒரு தடையில்லை. ஆனால் சுறாவுக்குப் பயப்படுகிறவர்கள் தங்கள் இதயத்தையும் முதுகெலும்பையும் பாதத்தையும் மறந்துவிடுகிறார்கள்.

எந்த மாதம் போகலாம்?

புக்கெட், கிராபி, ஃபி ஃபி தீவுகள் எல்லாம் அந்தமான் கடல் பக்கம் உள்ளவை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அங்கே அலை சீறும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டாகும். அறை வாடகை மலிவு என்று அப்போது போகாமல், நவம்பர் முதல் ஏப்ரல் வரையுள்ள மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கவே கூடாது. நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள்.

ஸ்பீட்போட்டில் எங்கே உட்காருவது?

காற்றும் காட்சியும் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் முன்பக்கம் ஓடுவார்கள். அலைமேல் ஏறிய படகு தொப்பென்று இறங்கும்போது அதிகம் தூக்கிப் போடுவதும் அந்த இடம்தான். எலும்பின் அடர்த்தி குறைந்தவர்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, அந்த ஒரே அடியில் முதுகெலும்பு நசுங்கி முறியக்கூடும். படகின் பின்பக்கம் உட்காருங்கள்; முதுகுத் தொல்லை இருந்தால் பெரிய ஃபெரியே நல்லது. இறங்கிய பிறகும் நடுமுதுகு வலித்தால் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

தண்ணீருக்குள் இதயம் படும் பாடு

கழுத்தளவு நீரில் இறங்கியதும், நீரின் அழுத்தம் கால்களிலுள்ள ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் இப்படி இடம்மாறும். ஆரோக்கியமான இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களுக்குச் சில சமயம் நுரையீரலில் நீர் கசிந்துவிடும். ஸ்நார்க்கெல் குழாய் வழியாக மூச்சை இழுக்கும் சிரமமும் இதோடு சேரும். ஒரு வாய் கடல்நீர்கூட உள்ளே போகாமலே மூச்சு முட்டும். இருமலோடு இளஞ்சிவப்பு நுரை வரும்.

இதை 'மாஸ்க் பழகவில்லை' என்று நினைத்துத் தொடர்வதுதான் ஆபத்து. உடனே மாஸ்க்கைக் கழற்றி, உதவி கேட்டு நீரைவிட்டு வெளியேற வேண்டும். நினைவோடு இருப்பவரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். ஆக்சிஜன் இருந்தால் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் முறை கால் ஊன்றும் ஆழத்தில், லைஃப் ஜாக்கெட்டோடு பழகுங்கள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்களும், அண்மையில் ஸ்டென்ட் வைத்தவர்களும் இதய மருத்துவரைப் பார்த்த பிறகே டிக்கெட் போடலாம்.

டைவிங் படிவத்தில் பொய் வேண்டாம்

ஸ்கூபாவுக்கு முன் தரும் மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட வேண்டாம். 45 வயதைக் கடந்து, புகைப்பழக்கமோ ரத்தத்தில் அதிகக் கொழுப்போ இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் கேட்பார்கள். ஊரிலேயே வாங்கிப் போங்கள். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், பல முறை என்றால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். முன்னதாக ஏறினால் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

மாத்திரை, பாதம், ஜெல்லி மீன்

இன்சுலினையும் மாத்திரைகளையும் மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். விமானத்தின் சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்தால் பயன்படாது. 'நீர் மாத்திரை' சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் தலைசுற்றலாம். அளவை எப்படி மாற்றுவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குச் சுடுமணலும் பவளக் கீறலும் தெரியாது. நீரிலும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். ஜெல்லி மீன் தீண்டினால் தேய்ப்பதும் நல்ல தண்ணீரில் கழுவுவதும் கூடாது. வினிகரை 30 விநாடியாவது விடாமல் ஊற்றுங்கள்.

இருவரும் பேசிவைக்க வேண்டியது

'ஆசையாகக் கூட்டி வந்தாரே' என்று மனைவி நெஞ்சு அழுத்தத்தை மறைப்பார்; 'அவள் பயந்துவிடுவாள்' என்று கணவரும் மறைப்பார். யார் கையைத் தூக்கினாலும் காரணம் கேட்காமல் இருவரும் கரையேறுவது என்று பேசிவையுங்கள். இருவரின் மாத்திரைப் பெயர்களும் இருவர் கைபேசியிலும் இருக்கட்டும். பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் நீர் விளையாட்டுக்கும் இடம் உண்டா என்று பாருங்கள். தாய்லாந்தில் அவசர மருத்துவ உதவிக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155.