பெய்தாலும், பெய்தபோதிலும்: ஆங்கிலத்தின் எதிர்நிலைத் தொடர்கள்

தென்கிழக்காசியாவில் ஆங்கிலக் கல்வி முன்னரே வேரூன்றிய ஊர்களுள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் தலையாயது. பிரான்சிஸ் லைட் 1786-இல் அத்தீவில் குடியேற்றம் அமைத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1816-இல், பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியால் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கப்பெற்றது. இன்று அந்நகரில் பயிலும் தமிழ் மாணவன் தமிழ், மலாய், ஆங்கிலம் என்னும் மும்மொழிகளைக் கற்கிறான். சீன மொழிகளும் நாள்தோறும் அவன் செவியில் விழுகின்றன. இத்தகைய பன்மொழிச் சூழலில் எழுதப்படும் ஆங்கிலக் கட்டுரைகளில் அடிக்கடி தலைகாட்டும் பிழை ஒன்று உண்டு. "ஆல்தோ இட் ரெயின்ட், பட் ஹி கேம்" என்பது போன்ற தொடரே அது.

இதில் பிழை யாது? மழை பெய்தது, அவன் வந்தான் என்னும் இரு செய்திகளை எதிர்நிலையில் இணைக்க ஆங்கிலத்திற்கு ஒரு சொல் போதும். "பட்" என்பது இரண்டு தொடர்களையும் சமமாக நிறுத்தி நடுவில் நிற்பது. "ஆல்தோ" என்பது ஒன்றை மற்றொன்றுக்குச் சார்பாக்குவது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் இட்டால், சார்பாக்கிய தொடரையே மீண்டும் சமமாக்கியதாக முடியும். சீனத்தின் மாண்டரின் வழக்கில் "ஸ்வெய்ரான்" என்று தொடங்கினால் பின்னர் "தான்ஷி" என்று வருவது இயல்பு. மலாய் எழுத்து வழக்கிலும் "வலாவ்புன்" என்னும் தொடக்கத்திற்குப் பின் "நமுன்" வருவது உண்டு. அவ்வழக்குகளில் முறையாக உள்ளது ஆங்கிலத்தில் மிகையாகிறது.

தமிழோ இவ்வகையில் ஆங்கிலத்தோடு ஒத்து நிற்கிறது. "மழை பெய்தாலும் வந்தான்" என்பதே தமிழ். "மழை பெய்தாலும் ஆனால் வந்தான்" என்று எவரும் சொல்வதில்லை. இவ்வொரு சான்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ஒரு சொல் போதும் என்பதை மாணவன் தன் மொழியைக் கொண்டே உணர்வான்.

ஆயினும் தமிழிலிருந்து வரும் இடர் ஒன்று உண்டு. உம்மைச் சொல்லுக்கு எட்டுப் பொருள்களைத் தொல்காப்பியம் இடையியலில் வகுத்துள்ளது. "பெய்தால்" என்னும் நிபந்தனை வடிவத்தோடு அவ்வும்மை சேர்ந்து "பெய்தாலும்" என்றாகிறது. இவ்வடிவம் நடந்த செய்திக்கும் வரும், நடக்கக்கூடும் என்று எண்ணும் செய்திக்கும் வரும். "மழை பெய்தாலும் வந்தான்" என்பதில் மழை உண்மையாகவே பெய்தது. "மழை பெய்தாலும் வருவான்" என்பதில் மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். தமிழில் முற்றுவினையின் காலம் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கிவிடுகிறது. ஆங்கிலமோ தனித்தனிச் சொல்லை வேண்டுகிறது: முன்னதற்கு "ஆல்தோ" அல்லது "ஈவன் தோ"; பின்னதற்கு "ஈவன் இஃப்". "இஃப்" நிபந்தனை, "ஈவன்" உம்மையின் வேலையைச் செய்கிறது. ஆகவே "ஈவன் இஃப்" என்பதும் "ஆல்" உடன் "உம்" சேர்ந்ததும் ஒரே முறையில் அமைந்தவை.

மழை பெய்தாலும் விளையாட்டுப் போட்டி நடைபெறும் என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு எழுதுபவர் "ஆல்தோ" என்று தொடங்கினால், படிப்பவர் மழை உறுதி என்றே கொள்வர். இதனைத் தவிர்க்க எளிய சோதனை உண்டு. "பெய்தாலும்" என்ற இடத்தில் "பெய்தபோதிலும்" என்று மாற்றிப் பார்க்க வேண்டும். "பெய்தபோதிலும் வந்தான்" என்பது பொருந்தும். அங்கே "ஆல்தோ" வரலாம். "பெய்தபோதிலும் வருவான்" என்பது செவிக்கு ஒவ்வாது. அங்கே "ஈவன் இஃப்" வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கது, பொருளின் கனம் எங்கே விழுகிறது என்பது. மாணவன் ஒருவனைப் பற்றிய நற்சான்றில், "கணக்கில் பின்தங்கியபோதிலும் உழைப்பாளி" என்றும் எழுதலாம்; "உழைப்பாளியாக இருந்தபோதிலும் கணக்கில் பின்தங்கியவன்" என்றும் எழுதலாம். செய்தி இரண்டும் ஒன்றே. முன்னது அவனுக்கு வாயிலைத் திறக்கும், பின்னது அடைக்கும். தமிழில் சார்புத் தொடர் முன்னும் முதன்மைத் தொடர் பின்னும் வருவதால் கனம் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்திலோ "ஆல்தோ" தொடர் முன்னும் வரும், பின்னும் வரும். "ஹி இஸ் ஹார்ட்வொர்க்கிங், ஆல்தோ வீக் இன் மேத்ஸ்" என்பதை வரிசை மாறாமல் "உழைப்பாளியாயினும் கணக்கில் பின்தங்கியவன்" என்று பெயர்த்தால் கனம் இடம் மாறிவிடும். மொழிபெயர்ப்பவர் முதன்மைத் தொடர் எது என்று முதலில் தேர்ந்து, அதனை இறுதியில் வைத்தல் வேண்டும்.

எதிர்நிலை வேறு, ஒப்பீடு வேறு. "அண்ணன் துறைமுகத்தில் பணியாற்றுகிறான், தம்பியோ ஆசிரியன்" என்பதில் வியப்பு ஒன்றுமில்லை, வேறுபாடு மட்டுமே உண்டு. இந்த ஓகாரத்திற்கு நேரானவை "வைல்", "வேராஸ்" என்பன; இங்கே "ஆல்தோ" பொருந்தாது. "வைல்" என்பதற்கு "அப்போது" என்னும் காலப்பொருளும் உண்டு. பழைய பத்திரங்களின் தொடக்கத்தில் வரும் "வேராஸ்" வேறுபாட்டைக் குறிப்பதன்று. "இவ்வாறு இருக்கிறபடியால்" என்று முன்னுள்ள நிலையைக் கூறுவது.

எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இதில் வேறுபடுகின்றன. டக்ளஸ் பைபரும் வேறு நால்வரும் ஏறத்தாழ 4 கோடி ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து ஆராய்ந்து 1999-இல் லாங்மன் இலக்கண நூலை வெளியிட்டனர். "ஹவ்எவர்" ஆய்வுரைகளுக்கு உரியது என்பதும், "தோ" என்னும் சொல் உரையாடலில் தனியே நின்று இணைக்கும் என்பதும் அந்நூலால் விளங்குகின்றன. "குட் ஷாப். எக்ஸ்பென்சிவ், தோ" என்று பேச்சில் "தோ" இறுதியில் வரும். தமிழ்ப் பேச்சு இதே வேலையைத் "தான்" என்பதைக் கொண்டு முடித்துக்கொள்கிறது: "கடை நல்ல கடைதான், விலைதான் கூட." பேச்சில் "தோ" இறுதியில் வருவது பிழையன்று, அதனை அப்படியே விண்ணப்பத்தில் எழுதுவதே பொருந்தாதது.

ஆகவே ஆங்கிலத் தொடரைத் திருத்தும் முன்னர், அக்கருத்தை மாணவனைத் தமிழில் சொல்லச் செய்தல் நன்று. அவன் "போதிலும்" என்கிறானா, "ஓ" என்கிறானா, "தான்" என்கிறானா என்று கேட்டால், ஆங்கிலத்தில் எச்சொல் வேண்டும் என்பது பெரும்பாலும் அவன் வாயிலிருந்தே வந்துவிடும்.