மேல்தளத்தில் ஜெபம்! கீழ்த்தளத்தில் விலங்கு!

ஞாயிற்றுக்கிழமை. நடுக்கடலில் ஒரு கப்பல். மாலுமிகள் மேல்தளத்தில் கூடி நிற்கிறார்கள். இளம் காப்டன் அவர்களுக்கு ஆராதனை நடத்துகிறார். ஞாயிறுதோறும் இப்படித்தான். காப்டன் பக்திமான்.

அதே கப்பலின் கீழ்த்தளத்தில், விலங்கு மாட்டப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறார்கள். விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள். அவர்களை விற்பதற்காகத்தான் கப்பல் போகிறது!

காப்டனின் பெயர் ஜான் நியூட்டன். உலகமெங்கும் ஆலயங்களில் பாடப்படும் "அமேசிங் கிரேஸ்" என்ற கீதத்தை எழுதியவர் இவரேதான்.

புயலில் வந்த பக்தி

நியூட்டன் 1725-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தாயார் பக்தியுள்ள மாது. மகனுக்கு ஏழு வயது நிறையுமுன் கண்ணை மூடிவிட்டார். தகப்பனார் கப்பல்காரர். 11 வயதில் பையனும் கடலுக்குப் போனான். வாலிபத்தில் அவன் வாயைத் திறந்தால் தெய்வ நிந்தனைதான்.

ஒரு சமயம் ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வியாபாரி ஒருவனிடம் வேலைக்குச் சேர்ந்தான். காய்ச்சலில் விழுந்தான். சோறு கிடைக்கவில்லை. இரவில் தோட்டத்துக் கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்றான். அப்பொழுது அவனுக்கு ரகசியமாக உணவு கொடுத்தவர்கள் யார் தெரியுமா? சங்கிலியில் கிடந்த அடிமைகள்! தங்களுக்குக் கிடைத்த அரைவயிற்று உணவில் அவனுக்கும் பங்கு வைத்தார்கள்.

1748 மார்ச் 21. ஊர் திரும்பும் வழியில் பெரும் புயல். கப்பலின் பக்கவாட்டுப் பலகைகள் பிய்ந்து, தண்ணீர் உள்ளே புகுந்தது. நியூட்டன் பம்பு அடித்தார். பிறகு சுக்கான் பிடித்தார். அவரை அறியாமலே கடவுளின் பெயர் வாயில் வந்தது. சில வாரம் தத்தளித்த கப்பல் அயர்லாந்துக் கரை சேர்ந்தது. அன்றோடு நிந்தனைப் பேச்சு நின்றது. பைபிளும் ஜெபமும் வந்தன.

முழு மனிதர் ஆகிவிட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? அவர் அடிமைக் கப்பலுக்குக் காப்டன் ஆனதே அதற்குப் பிறகுதான்! 1750 முதல் 1754 வரை மூன்று பயணம் போய்வந்தார்.

டைரியும் மனசாட்சியும்

திருவிருந்தில் பங்கு பெறுமுன் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கொரிந்து சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதினார். நியூட்டன் அதில் கண்டிப்பானவர். ஆத்மசோதனைக்கென்றே ஒரு டைரி வைத்திருந்தார். ஜெபத்தில் குறை வைத்தோமா, நேரத்தை வீணாக்கினோமா என்றெல்லாம் தம்மையே குடைந்து கேட்டார்.

தமக்குச் சோறு போட்டவர்களின் இனத்தாரை விற்கிறோமே என்று மட்டும் கேட்கவில்லை.

வேஷதாரி என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அவருடைய பக்தி உண்மையானது. தொழிலுக்குச் சட்டத்தின் அனுமதி இருந்தது. ஊரில் கௌரவம் இருந்தது. "இது ஒரு சிறைக்காவலன் வேலை போல இருக்கிறதே" என்று சில சமயம் அவருக்கே அருவருப்புத் தட்டியதுண்டு. வேறு பிழைப்புக் கிடைக்க வேண்டும் என்று ஜெபித்ததும் உண்டு. ஆனால் செய்வது பாவம் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் தமக்கு வரவே இல்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

1754-ல் திடீரென்று நோய் கண்டது. கப்பல் வேலையை விட்டார். அப்போதும் மனசாட்சி குத்தி அல்ல. உடம்பு இடம் கொடுக்காமல்தான்! லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க உத்தியோகம் பார்த்தார். 1764-ல் குருப்பட்டம் பெற்று, ஆல்னி என்ற சிற்றூருக்குக் குருவானவராகப் போனார். 1773 புத்தாண்டு ஆராதனைக்காகத்தான் அந்தப் புகழ்பெற்ற கீதம் பிறந்தது. அப்பொழுதும் அடிமை வியாபாரத்தைப் பற்றி ஊரறிய அவர் வாய் திறக்கவில்லை.

34 ஆண்டுக்குப் பின்

1785 டிசம்பர். லண்டனில் ஊழியம் செய்துகொண்டிருந்த நியூட்டனைத் தேடி, யாருக்கும் தெரியாமல் ஒரு வாலிபர் வந்தார். பார்லிமெண்டு அங்கத்தினர் வில்லியம் வில்பர்போர்ஸ். வயது 26. பக்தி மார்க்கத்துக்காக அரசியலை விட்டுவிடலாமா என்பது அவர் கேள்வி. "விட வேண்டாம், அங்கேயே இருந்து கடவுளுக்குப் பணி செய்யுங்கள்" என்பது நியூட்டன் சொன்ன புத்தி. அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் போருக்கு அந்த வாலிபரே பார்லிமெண்டில் தலைவரானார்.

1788-ல் நியூட்டன் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். கப்பல் வேலையை விட்டு 34 ஆண்டு ஆகியிருந்தது. சுமார் 100 டன் கப்பலில் 220 முதல் 250 பேர் வரை ஏற்றியது, ஐந்தடி உயர அறையையும் நடுவில் தட்டுப் போட்டு இரண்டாக்கி மேலும் கீழுமாக ஆட்களைக் கிடத்தியது, எல்லாவற்றையும் எழுதினார். தம்மை ஒளிக்கவில்லை. தாமும் இதில் முனைந்து வேலை செய்தவர் என்பதை எழுதி, காலம் கடந்து வரும் இந்த ஒப்புதலால் தாம் செய்த தீங்கைத் துடைக்க முடியாது என்றும் சொன்னார். விசாரணைக்குழுவின் முன் போய்ச் சாட்சியும் கூறினார். வியாபாரிகளால் அவரை மறுக்க முடியவில்லை. அவர்களில் ஒருவராக இருந்தவர் அல்லவா!

புயல் அடித்த மார்ச் 21-ஐ அவர் ஆண்டுதோறும் ஜெபத்தோடு அனுசரித்தார். டைரியின் கடைசிக் குறிப்பு 1805 மார்ச் 21-ல் எழுதியது. பார்வை மங்கி, எழுத முடியாத நிலை. அன்றும் தம்மைத் தாழ்த்திக்கொள்வதற்கென்று இரண்டு வரி எழுதிவைத்தார்.

1807 மார்ச் 25-ல் பிரிட்டனில் அடிமை வியாபாரத் தடைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 21-ல், 82-வது வயதில், நியூட்டன் காலமானார்.