கணவர் பெயரில் ஒரு கற்றளி

கும்பகோணம் பக்கம் கோனேரிராஜபுரம் என்று ஓர் ஊர். பழைய பெயர் திருநல்லம். அங்குள்ள சிவன் கோயிலைக் கருங்கல்லால் எடுப்பித்தவர் சோழ அரசி செம்பியன் மாதேவி. கணவர் கண்டராதித்தர் இறந்து, மகன் உத்தம சோழன் அரியணையில் இருந்த காலம் அது. கோயிலைக் கணவர் பெயராலேயே எழுப்பினார் அந்த அம்மையார்.

கோயில் சுவரில் ஒரு சிறு சிற்பத்தைத் தவறாமல் பாருங்கள். கண்டராதித்தர் லிங்கத்தின் முன் அமர்ந்து வழிபடுகிறார். அவர் யார், கோயிலை எடுப்பித்தது யார் என்று அருகிலேயே கல்வெட்டு சொல்கிறது. தில்லைக் கூத்தனைப் பாடி, ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்ற பக்தர் அவர். அந்த மனிதரைத்தான் மனைவி நினைவில் வைத்திருந்தார். போர்க்கோலத்தில் வடிக்கச் சொல்லவில்லை. எவ்வளவு அறிந்த அன்பு!

அதே குடும்பத்தில் பின்னால் வந்த குந்தவைப் பிராட்டியாரும் தஞ்சைப் பெரிய கோயிலில் பெற்றோருக்குத் திருமேனிகள் செய்து வைத்தார். தந்தை சுந்தர சோழர், தாய் வானவன் மாதேவி. அந்தத் திருமேனிகளுக்கு அணிகலன்களும் கொடுத்ததைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இன்றும் படிக்கலாம்.