பின்னலைப் பிரிக்காமல் மாற்ற முடியுமா? ஒளியிழைக்குள் நடக்கும் 'வடிவ மாற்றம்'

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணிக்கு முன்னால் ஃபைல்தான் கடல் தாண்டுகிறது. டிசைன், சாம்பிள் போட்டோ, ஐரோப்பிய பையருடன் வீடியோ கால் என எல்லாமே இன்டர்நெட்டில்தான். பையர் 'ஓகே' சொல்லும்வரை கட்டிங் டேபிள் காத்திருக்கும்.

அந்த ஃபைல் பெரும்பாலான தூரத்தைக் கண்ணாடி இழைக்குள் ஒளியாகவே கடக்கிறது. ஆனால் நடுநடுவே மின்சாரமாக மாறி, மறுபடி ஒளியாகிறது. அப்படி மாறாமல், ஒளியை ஒளியாகவே வைத்துக்கொண்டு அதன் வடிவத்தை மட்டும் மாற்ற முடியுமா? முடியும் என்று ஆய்வகங்கள் காட்டிவிட்டன. அப்புறம் ஏன் அது இன்னும் நெட்வொர்க்குக்கு வரவில்லை?

ஒளிக்கு எதற்கு வடிவம்?

ஒரே நூலை சிங்கிள் ஜெர்சியாகவும் பின்னலாம், ரிப்பாகவும் பின்னலாம், இன்டர்லாக்காகவும் பின்னலாம். 0, 1 என்ற தகவலை ஒளியில் ஏற்றுவதும் அப்படித்தான்.

எளிய முறை, ஆன்-ஆஃப் கீயிங். வெளிச்சம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு துடிப்புக்கு 1 பிட். கருவி மலிவு, குறைந்த தூரத்துக்குப் போதும்.

தூரமும் டேட்டாவும் கூடும்போது ஒளி அலையின் 'ஃபேஸ்', அதாவது அலையின் ஏற்ற இறக்கம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையே தகவலாக்குகிறார்கள். க்யூபிஎஸ்கே முறையில் 4 ஃபேஸ்கள். ஒரு துடிப்புக்கு 2 பிட். 16-க்யூஏஎம் முறையில் ஃபேஸோடு ஒளியின் அளவும் சேர்ந்து மாறும். ஒரு துடிப்புக்கு 4 பிட்.

இப்போது எப்படி மாற்றுகிறார்கள்?

ஊருக்குள் ஒரு வடிவம், நெடுந்தூர லைனில் வேறு வடிவம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ரிசீவர் ஒளியை மின்சாரமாக்குகிறது. சிப் அதைப் படித்துச் சீராக்குகிறது. புது லேசர் மறுபடி ஒளியாக அனுப்புகிறது. துணியைப் பிரித்து நூலாக்கி, திரும்பப் பின்னுகிற வேலை இது. ஒரே இழையில் ஓடும் பல அலைநீளங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கருவி வேண்டும். மின்சாரச் செலவும் கூடும், சூடும் கூடும்.

ஒளியே ஒளியை மாற்றுமா?

மின்புலத்தில் வைத்தால் கண்ணாடியின் ஒளிவிலகல் பண்பு மாறுவதை 1875-இல் ஜான் கெர் கண்டுபிடித்தார். லேசர் வந்த பிறகு, செறிவான ஒளியே அந்த மாற்றத்தை உண்டாக்கும் என்று தெரிந்தது.

இதை வைத்துத்தான் வித்தை. தகவல் சுமந்த வலுவான ஒளியையும், வேறு அலைநீளத்தில் தகவல் இல்லாத சீரான ஒளியையும் தனிவகை இழைக்குள் ஒன்றாக அனுப்புகிறார்கள். முதல் ஒளியில் 1 வரும்போது கண்ணாடியின் பண்பு ஒரு கணம் மாறும். கூடவே போகும் ஒளியின் ஃபேஸ் நகரும். 0 வந்தால் நகராது. ஆன்-ஆஃப் தகவல் இப்படி ஃபேஸ் தகவலாகிவிடுகிறது. துணியில் நடக்காதது ஒளியில் நடக்கிறது: பிரிக்காமலே பின்னல் மாறுகிறது.

முன்னுதாரணம் உண்டா?

உண்டு. ஒரு காலத்தில் மங்கும் சிக்னலை வலுப்படுத்தவே வழியில் மின்சாரமாக்க வேண்டியிருந்தது. 1987-இல் எர்பியம் கலந்த இழையால் ஒளியை நேரடியாகப் பெருக்கும் முறை வந்தது. 2002-இல் செயல்பாட்டுக்கு வந்த சென்னை-சிங்கப்பூர் ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கி.மீ. நீளம். கடலுக்கடியில் உள்ள ஆம்ப்ளிஃபையர்கள் மின்சாரத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் சிக்னல் கரைக்குக் கரை ஒளியாகவே போகிறது.

பிறகு என்ன தடை?

பெருக்குவது எளிது, மாற்றுவது கடினம். அதற்கு ஒளி மிகச் செறிவாக இருக்க வேண்டும். வரும் சிக்னலில் உள்ள இரைச்சலும் புதிய வடிவத்துக்குத் தொற்றிக்கொள்ளும். ஒரு வடிவத்துக்கு அமைத்த கருவி இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். மின்னணு சிப்போ பிழை திருத்தும், தகவலைச் சேமித்து வைக்கும். தலைமுறைக்குத் தலைமுறை சிறியதாகியும் வருகிறது. இன்றைக்கு ஜெயிப்பது அதுதான்.

இந்த வேலைகளைச் சிறிய சிப்புக்குள் அடக்க முடிந்தால் கணக்கு மாறலாம். அதற்கு அடித்தளமான சிலிக்கான் ஃபோட்டானிக்ஸில் ஐஐடி மெட்ராஸும் ஆராய்ச்சி செய்கிறது.

திருப்பூருக்கு என்ன கிடைக்கும்?

'வீடியோ கால் பறக்கும்' என்று எதிர்பார்க்க வேண்டாம். கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகவே ஏறக்குறைய 16 மில்லி நொடி ஆகும். எந்த வடிவத்தில் போனாலும் இந்தத் தூரம் குறையாது.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கருவி குறைந்தால் நெட்வொர்க்கின் மின்சாரச் செலவு குறையும். அதே இழையில் டேட்டாவைக் கூட்டும் செலவும் குறையலாம். ஒரு துணிக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் என்று திருப்பூர் ஏற்கெனவே கணக்குப் பார்க்கிறது. ஒரு பிட்டுக்கு எவ்வளவு மின்சாரம் என்பது நெட்வொர்க்கின் கணக்கு. ஒளி வடிவ மாற்றம் அந்தக் கணக்கில் ஜெயித்தால்தான் ஆய்வகத்தை விட்டு வெளியே வரும்.