காசி, கயா போகும் முன்: போரில் இழந்தவர்களுக்குப் பிண்டம் வைக்க நினைப்பவர்களுக்கு

ஆடி அமாவாசை அன்று விடியப்புறம் திருக்கோவில் கடற்கரைக்குப் போனால், கல்முனை, பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில் என்று கரையோர ஊர்ச் சனம் முழுவதும் அங்கே நிற்கும். சித்திர வேலாயுத சுவாமி தீர்த்தமாடும் கடலில் இறங்கி, இறந்த தகப்பனை நினைத்து முழுகி எழும்பும் வழக்கம் எங்கள் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. யுத்தத்துக்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் வேறொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. உடலே கிடைக்காதவர்களுக்கு என்ன செய்வது? 1990 ஜூனுக்குப் பிந்திய மாதங்களில் இந்தக் கரையில் இருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள், 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனவர்கள், 2009 இல் முள்ளிவாய்க்காலில் விடப்பட்டவர்கள். இவர்களில் பலருக்குக் கொள்ளி வைக்கவும் இல்லை, அந்தியேட்டி செய்யவும் இல்லை.

அதனால்தான் வட இந்திய யாத்திரை என்றதும் பலர் முதலில் கேட்பது தாஜ்மகாலைப் பற்றி அல்ல, கயாவைப் பற்றி. அங்கே என்ன நடக்கிறது, யார் செய்யலாம், யாரிடம் ஏமாறாமல் இருப்பது என்பதைத் தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது.

காசியையும் கயாவையும் ஒரே இடம் போலப் பேசுவோம். இரண்டும் வேறு மாநிலங்கள். காசி உத்தரப் பிரதேசத்தில், கயா பீகாரில். இடையே ஏறக்குறைய 250 கிலோமீற்றர். முன்பு முகல்சராய் என்று அழைக்கப்பட்ட சந்திப்பில் ஏறினால் கயாவுக்குப் புகையிரதத்தில் மூன்று மணித்தியாலம் அளவில் போய்விடலாம். கொழும்பில் இருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சென்னைக்குப் போய் அங்கிருந்து காசிக்கு விமானம் எடுக்கிறார்கள். சென்னையில் இருந்து புகையிரதம் என்றால் ஏறக்குறைய ஒன்றரை நாள். காலம் முக்கியம். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் விழுந்தால் புகையிரதமும் விமானமும் மணிக்கணக்கில் பிந்தும். எங்கள் கடற்கரை உடம்புக்கு அந்தக் குளிரும் தாங்காது. மே, ஜூன் வெயில் 40 பாகையைத் தாண்டும். மழைக்காலத்தில் கங்கை பெருகிப் படித்துறைகளை மூடிவிடும். ஒக்டோபர் கடைசி, நவம்பர் அல்லது பெப்ரவரி, மார்ச் வசதியான மாதங்கள்.

காசியில் தமிழ் தெரியாமல் தவிக்க வேண்டியதில்லை. அனுமான் காட், கேதார் காட் ஆகிய இரண்டு படித்துறைகளையும் சுற்றித் தமிழ் கேட்கும். 17ஆம் நூற்றாண்டில் சிறீவைகுண்டத்தில் இருந்து வந்த குமரகுருபரர் அமைத்த மடம் கேதார் காட்டில் இருக்கிறது. பாரதியார் 1898 முதல் சில ஆண்டுகள் அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்ததும் அனுமான் காட் பகுதியில்தான். நகரத்தார் சத்திரமும் உண்டு. தமிழ் பேசும் வாத்தியார்மார் இந்தப் பகுதிகளில் இருக்கிறார்கள். கயாவுக்கு யாரைப் பிடிப்பது, எவ்வளவு கேட்பார்கள் என்று இவர்களிடம் விசாரித்துவிட்டுப் போவது புத்தி.

விசுவநாதர் கோயிலுக்குப் போகும்போது எங்கள் ஆட்களுக்குப் பழைய ஞாபகங்கள் வரலாம். பைகளும் தொலைபேசியும் உள்ளே விடமாட்டார்கள், உடல் சோதனை உண்டு, துப்பாக்கியோடு பொலிசார் நிற்பார்கள். பழைய கோயில் 1669 இல் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிக்கப்பட்டது. இப்போதுள்ள கோயிலை 1780 இல் கட்டியவர் இந்தோர் அரசி அகல்யாபாய் ஓல்கர். பக்கத்தில் ஞானவாபி பள்ளிவாசல், அதைச் சுற்றிக் கம்பிவேலி. கோயிலும் பள்ளிவாசலும் பக்கம் பக்கமாக இருப்பது கல்முனை ஆட்களுக்குப் புதிதல்ல. நடுவில் வேலி வந்தால் எப்படி இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாததல்ல.

கயாவில் இருக்கும் விஷ்ணுபாதம் கோயிலையும் இதே அகல்யாபாய்தான் 1787 இல் கட்டினார். கல்லில் பதிந்த பாதச் சுவடு ஒன்றே அங்கே மூலம். பல்குனி ஆற்றங்கரை, விஷ்ணுபாதம், அட்சய வடம் என்னும் ஆலமரத்தடி ஆகிய மூன்று இடங்களில் பிண்டம் வைப்பது பொது வழக்கம். பல்குனி பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். 2022 இல் தடுப்பணை கட்டிய பின்னர் கோயிலடியில் தண்ணீர் நிற்கிறது. புரட்டாதி மகாளய பட்சத்தில் இந்தியா முழுவதும் அங்கே திரண்டுவிடும், தங்க இடம் கிடைக்காது. கயாவில் எந்த நாளிலும் பிண்டம் வைக்கலாம் என்பதால் அந்தப் பதினைந்து நாளையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆலமரத்தடியில் காய், கனி, இலை ஒவ்வொன்றை இனி உண்பதில்லை என்று விட்டுவிட்டு வருவது தமிழர் வழக்கம். பிடிக்காத பாகற்காயை விட்டுவிட்டு வருகிற கெட்டிக்காரரும் உண்டு.

எங்கள் சனம் அறிந்திருக்க வேண்டிய விடயம் வேறொன்று. கயாவில் சொல்லப்படும் மந்திரங்கள் சொந்தத் தகப்பன், பாட்டனோடு நிற்பதில்லை. நெருப்பில் இறந்தவர், ஆயுதத்தால் கொல்லப்பட்டவர், மின்னல் தாக்கியவர், கள்வரால் கொல்லப்பட்டவர், பிண்டம் வைக்க ஒருவருமே இல்லாதவர் என்று ஒவ்வொரு வகையாகச் சொல்லி அவர்களுக்கும் பிண்டம் உண்டு. சிநேகிதனுக்கு வைக்கலாம், அயலவருக்கு வைக்கலாம். ஒரு குடும்பமே அழிந்துபோய், அவர்கள் பெயரைச் சொல்ல ஊரில் ஆளில்லை என்றால், பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பெயர்களைக் கொண்டுபோகலாம். அகால மரணம் அடைந்தவர்களுக்கென்றே பிரேதசிலை என்ற குன்று நகருக்குச் சற்று வெளியே இருக்கிறது. படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போக வேண்டும்.

பெண்கள் செய்யலாமா? கணவனையும் ஆண்பிள்ளைகளையும் போரில் இழந்த தாய்மார் தயக்கத்தோடு கேட்கும் கேள்வி இது. செய்யலாம். இராமனும் இலக்குவனும் இல்லாத நேரத்தில் சீதையே பல்குனி மணலை உருட்டித் தசரதனுக்குப் பிண்டம் வைத்தாள் என்பது கயாவின் சொந்தக் கதை. ஆற்றின் அக்கரையில் அதற்கென்று சீதா குண்டம் இருக்கிறது. ஆண்துணை இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் அந்தக் கதையை நினைவுபடுத்துங்கள்.

கோத்திரம் கேட்பார்கள். எங்கள் பகுதியில் தாய்வழியாக வரும் குடிதான் உண்டு, கோத்திரம் பலருக்குத் தெரியாது. அப்படியானவர்கள் சிவகோத்திரம் என்று சொல்வது வழக்கம், அது போதும். தட்சணையை முதலே பேசி முடியுங்கள். நடுவில் "இது தனி, அது தனி" என்று கேட்கத் தொடங்கினால் துக்கத்தில் இருப்பவர் மறுக்கமாட்டார் என்பது அங்குள்ள சிலருக்கு நன்றாகத் தெரியும். கையில் ஒரு தாளில் எல்லாப் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். அந்த இடத்தில் நின்றால் சொந்தத் தாயின் பெயரே வாயில் வராது.

அந்தத் தாளில்தான் சிக்கலும் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் பெயரை எழுதுவதா?

பன்னிரண்டு ஆண்டு ஒருவரைப் பற்றித் தகவல் இல்லாவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்து கிரியை செய்யலாம் என்கின்றன தர்மசாத்திரங்கள். கிரியை செய்த பின் அவர் திரும்பி வந்துவிட்டால், நெய்யில் முழுக்கிப் புதிதாகப் பிறந்தவராகக் கொண்டு பிறப்புச் சடங்கில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றும் அதே சாத்திரம் சொல்கிறது. ஆகவே சாத்திரம்கூடக் கதவை முற்றாகச் சாத்தவில்லை. ஆனால் அதை எழுதியவர்கள் நினைத்தது தூர தேசம் போய்த் திரும்பாதவனை. தாயின் கண்முன்னே பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையை அல்ல. இந்தத் தாய்மார் பன்னிரண்டு ஆண்டை எப்போதோ கடந்துவிட்டார்கள். எண்ணிக்கையை வைத்து அவர்களை அவசரப்படுத்த எந்த வாத்தியாருக்கும் உரிமை இல்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது: பிண்டம் வைத்தால் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகி, வழக்கும் விசாரணையும் கெட்டுவிடுமோ? கயாவில் செய்யும் கிரியை எந்தச் சட்டப் பதிவும் அல்ல. சட்டத்தின் பக்கம் வேறு. மரணச் சான்றிதழை ஏற்க விரும்பாத குடும்பங்களுக்காக, காணாமற்போனவர் என்று மட்டும் குறிக்கும் சான்றிதழுக்கு 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. வங்கிக் கணக்கு, காணி போன்ற அலுவல்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். தேடும் உரிமை அதனால் போய்விடாது.

கயாப் புகையிரத நிலையத்தில் வெள்ளை உடுத்த சிங்கள யாத்திரிகர் கூட்டத்தைக் கண்டால் திகைக்க வேண்டாம். அவர்கள் "தம்பதிவ வந்தனா" என்று வருகிறவர்கள். புத்தர் ஞானம் பெற்ற புத்தகயா அங்கிருந்து பதினைந்து கிலோமீற்றருக்குள் இருக்கிறது. காசிக்குப் பக்கத்தில் உள்ள சாரநாத்தில், அநகாரிக தர்மபாலவின் மகாபோதி சங்கம் 1931 இல் திறந்த விகாரை நிற்கிறது. ஒரே நாட்டுக் கடவுச்சீட்டோடு, ஒரே நிலையத்தில் இறங்கி, ஒரு பகுதியினர் புத்தகயாவுக்கும் மறுபகுதியினர் பிண்டம் வைக்கவும் போகிறோம்.

அந்தக் கடவுச்சீட்டால் ஒரு நன்மையும் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் சார்க் நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவரைவிட மிகக் குறைவு. பயண முகவர் சொல்லாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள். தாஜ்மகாலுக்கும் சலுகை உண்டு, வெள்ளிக்கிழமை பூட்டு. டில்லி நிசாமுதீன், அஜ்மீர் தர்காக்களுக்குப் போகும் எங்கள் முஸ்லிம் அயலவர்கள் ஆக்ராவையும் சேர்த்தே பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இவ்வளவும் சொன்னாலும், கயாவுக்குப் போகாவிட்டால் ஆத்மா சாந்தி அடையாது என்று பயமுறுத்திக் காசு சேர்க்க வைப்பவர்களை நம்பாதீர்கள். கடன் வாங்கிப் போக வேண்டிய யாத்திரை அல்ல இது. திருக்கோவில் கடலும் தீர்த்தம்தான்.

போகிறவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரைப் பிண்டத் தாளில் எழுத மனம் வராவிட்டால் எழுதாமல் விடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். காசியில் கேதாரேசுவரருக்கு அந்தப் பிள்ளையின் பெயரில், உயிரோடு இருப்பவருக்குச் செய்வது போலவே அர்ச்சனை செய்யலாம். நட்சத்திரம் கேட்பார்கள், அதைத் தனியாக வேறொரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.