பாட்டியின் கையெழுத்து: ஜெர்மானியர் வம்சம் தேடும் விதம்

என் அண்ணன் மகன் ஜெர்மனியில் வேலை பார்த்து, அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். 2016 தீபாவளிக்கு (எங்களுக்கு அது மகாவீரர் நிர்வாண நாள்) வந்தபோது மருமகள் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தாள். “சித்தப்பா, நீங்கள் கிரந்தமெல்லாம் படிப்பீர்களாமே. இது என் பாட்டி எழுதியது, எனக்கே படிக்க வரவில்லை” என்றாள். எனக்கு மட்டும் எப்படி வரும்? ஆனாலும் விஷயம் மனதைப் பிடித்துக்கொண்டது.

ஜெர்மனியில் வம்சம் தேடுவோருக்கு முதல் துணை பதிவேடு. பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலிருந்தும், நாடு முழுவதும் 1876 ஜனவரியிலிருந்தும் பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிகிறது. அதற்கும் முன்னே போக மாதா கோயில் புத்தகங்கள்தான். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் பல ஊர்களில் அவையும் அழிந்தன. பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையும் அவர்கள் பதிந்துவைத்தது எனக்குப் பிடித்தது. நம் வீடுகளில் கொள்ளுப்பாட்டியின் பெயரையே மறந்துவிடுகிறோம்.

இதே ஏடுகள் கொடுமைக்கும் உதவின. 1935 நியூரம்பர்க் சட்டத்தின்படி, ஒருவர் யூதரா என்பதை அவருடைய தாத்தா பாட்டி நால்வரை வைத்தே தீர்மானித்தார்கள். பாட்டியின் ஞானஸ்நானப் பதிவைத் தேடி ஜனங்கள் கோயில் கோயிலாக அலைந்த காலம் அது.

இனி எழுத்துக்கு வருவோம். ஜெர்மானியர் நூற்றாண்டுகளாகத் தங்களுக்கென்று ஒரு கூட்டெழுத்து வைத்திருந்தார்கள். அதன் ஒரு வடிவத்தை லுட்விக் சூட்டர்லின் அமைத்தார்; 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் அதைக் கற்பித்தார்கள். 1941இல் ஹிட்லர் அரசு பழைய எழுத்தைப் பள்ளிகளிலிருந்து எடுத்துவிட்டது. அதில் ‘ஈ’யும் ‘என்’னும் ஒன்றுபோலவே இருக்கும். ‘யூ’வைப் பிரித்துக்காட்ட மேலே ஒரு வளைவு போடுவார்கள்.

வேடிக்கை பாருங்கள். ஜெர்மனிக்காரரான ஹெர்மன் யாகோபி 1873-74இல் ராஜஸ்தானத்துக்கு வந்து நம் ஜைன ஏடுகளைப் பார்த்தவர். ஆசாராங்கம், கல்பசூத்திரம் இரண்டையும் 1884இல் ஆங்கிலத்தில் கொடுத்தவர். பிராகிருத ஏட்டைப் படித்தவர் நாட்டில், பேத்திக்குப் பாட்டி எழுத்து தெரியவில்லை.

மருமகளின் பாட்டி பிரெஸ்லாவ் நகரத்தவர். அந்த ஊர் 1945க்குப் பிறகு போலந்தில் சேர்ந்தது. பாட்டி கையில் கிடைத்ததோடு மேற்கே ஓடிவந்தவர். நோட்டில் இருந்த கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரை வைத்து மருமகள் இரண்டு வருஷம் போலந்து ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்பார்த்தாள். கிடைக்கவில்லை. பழைய எழுத்து சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது, ‘ஈ’யை ‘என்’ என்று வாசித்திருக்கிறாள்! ஒரே எழுத்து. அதைத் திருத்தி அனுப்பியதும் திருமணப் பதிவு வந்துவிட்டது. நோட்டின் மீதிப் பக்கங்கள் பெரும்பாலும் சமையல். முதலில் அவள் படித்துக்காட்டியது கசகசா கேக். எங்கள் வீட்டுக்காக முட்டையில்லாமல் செய்து பார்த்தாள், உதிர்ந்துபோயிற்று. ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

அவள் திரும்பிப் போன பிறகு பரணிலிருந்து என் ஆயாவின் நோன்புக் கணக்கு நோட்டை எடுத்தேன். தேதியெல்லாம் பழைய தமிழ் எண்களில். இங்கே பிறந்த என் பேரன் அதைப் புரட்டிவிட்டு, “தாத்தா, இது என்ன பாஷை?” என்றான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசிக்க அவன் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான். பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது.